வீட்டிலேயே குண்டு நான்தான், ஆபத்தும் எனக்குத்தானா டாக்டர்?

ஆம்பூர் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. உயரம் 156 செ.மீ., எடை 86 கிலோ. வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறார். கணவருக்கு 39 வயது, 170 செ.மீ., 70 கிலோ. வாணியம்பாடியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், தினமும் பைக்கில் போய் வருகிறார். மாமியாருக்கு 67 வயது, 150 செ.மீ., 71 கிலோ. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் வலி. மூத்த பையனுக்கு 12 வயது, இளைய பெண்ணுக்கு ஏழு.

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் கணவன், மனைவி இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கடிதத்தில் என்னை நிறுத்திய வரிகள் இவை: "ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால் என் இலையைத்தான் பார்க்கிறார்கள். மாமியார் வயதானவர், பையன் வளர்கிற பிள்ளை, ஆம்பளைக்கு லேசா தொப்பை இருந்தா என்ன என்கிறார்கள். எல்லோருக்கும் ஒரு சமாதானம் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளைகள் என்ன செய்யும் என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை."

வரும் மாதத்திலிருந்து வீட்டில் எல்லோரும் ஒரு வேளை மட்டும் சாப்பாடு, மற்ற வேளைகளில் ஆன்லைனில் வாங்கும் பவுடர் என்று முடிவு செய்திருக்கிறார். பெங்களூருவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் எடை குறைக்கும் ஊசி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதைத் தானும் மாமியாரும் பகிர்ந்துகொள்ளலாமா, எவ்வளவு நாளில் சரியாகும் என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு விஷயம். நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 5.4, ரத்த அழுத்தம் 118/76, ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 120. இது உங்களுடையது. உங்கள் கணவருக்கு ஹெச்பிஏ1சி 6.1, டிரைகிளிசரைடு 260, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 34, கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி 78. நீங்களே டேப் வைத்து எடுத்த அவருடைய வயிற்றுச் சுற்றளவு 96 செ.மீ.

உங்கள் வீட்டில் இன்றைக்கு நான் முதலில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டிய ஆள் அவர். அடுத்து உங்கள் மாமியார். நீங்கள் மூன்றாவதாக வரலாம். நான்காவதாகப் பையன், அவனை அவசரமில்லாமல், ஆனால் மறக்காமல் பார்க்க வேண்டும். உங்களைச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்லவில்லை. உங்கள் விஷயத்திலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

எடை மெஷின் காட்டுவது கிலோவை மட்டும்தான். அந்தக் கிலோ உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த வயதில் ஏறியது, கூடவே எந்த மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே சதை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உடல் பருமனின் ஆபத்து பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் நான்கு பேருக்கும் ஒரே திட்டம் என்ற உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் அது ஒருவருக்கு வீண், ஒருவருக்கு உயிருக்கே ஆபத்து.

பார்வைக்கு ஒல்லி, வயிற்றில் பருமன்: உங்கள் கணவர்

70 கிலோ, 170 செ.மீ. என்றால், உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ என்ற அளவு 24.2. மேலைநாட்டு அளவில் இது நார்மல். நம்மவர்களுக்கான கணக்கு வேறு. இந்தியாவில் மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்றும், 25-லிருந்து பருமன் என்றும் வைத்திருக்கிறோம். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. இன்னும் எளிதான கணக்கு ஒன்று உண்டு: வயிறு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அவருடைய உயரத்தில் பாதி 85, வயிறு 96.

2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார்கள். ஒருவர் புணேயைச் சேர்ந்த யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பைப் பற்றி மருத்துவ மாணவர்களுக்கு விளக்கும்போது நான் முதலில் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற உடம்பு நம் தெருவில் எல்லா வீட்டிலும் இருப்பதால் அதை நாம் நோயாகவே பார்ப்பதில்லை.

வயிற்றுக்கொழுப்பு ஏன் கெடுதல்? தோலுக்கு அடியில், இடுப்பிலும் தொடையிலும் சேர்கிற கொழுப்பு பெரும்பாலும் அங்கேயே பத்திரமாகக் கிடக்கும். அந்த இடம் நிறைந்துவிட்டால் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் கணையத்திலும் போய்ச் சேர்கிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்தால் ரத்தக்குழாய் வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் திணறி, சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் அதிகமாக ரத்தத்தில் கொட்டுகிறது, நல்ல கொழுப்பு குறைகிறது. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் இருப்பது அப்படியே இதுதான். முகாமில் "கொஞ்சம் கொழுப்பு இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 ஆனால் சர்க்கரை நோய். அவர் வாசற்படியில் நிற்கிறார்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "அவர் விடும் குறட்டையில் பக்கத்து அறையில் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள், நடுவில் திடீரென நின்றுவிடும், அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும்." இதைப் படித்ததும் எனக்கு ரிப்போர்ட்டைவிட அவருடைய பைக்தான் கவலை கொடுத்தது. அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். ராத்திரி பலமுறை மூச்சு நின்று, மூளை அரைகுறையாக விழித்து விழித்து, காலையில் தலைவலியோடும் பகலில் தூக்கக் கலக்கத்தோடும் இருப்பார்கள். அவர் போவது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, பக்கத்திலேயே லாரிகள். மதியத்துக்கு மேல் கண் சொக்குகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கப் பரிசோதனை முடியும்வரை பஸ்ஸில் போகட்டும். குண்டானவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். தாடை அமைப்பும் கழுத்துக்கொழுப்பும் சேர்ந்து, ஆசிய மக்களுக்கு இது குறைந்த எடையிலேயே வருகிறது. ராத்திரி மது குடிக்கும் பழக்கம் இருந்தால் (நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது) இது இன்னும் மோசமாகும்.

அவருக்கு வேண்டியது: வயிற்று ஸ்கேன், கல்லீரல் தழும்பு ஏறியிருக்கிறதா என்று கணக்கிடும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள், வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் ரத்த அழுத்தம், தூக்கப் பரிசோதனை. எடையில் மூன்று நான்கு கிலோ குறைந்தாலே போதும், குறைய வேண்டியது வயிறு. சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய ஆய்வில், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் நடையையும் சாப்பாட்டையும் மாற்றியபோது, மூன்று வருடத்தில் சர்க்கரை நோயாக மாறும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவே இல்லை. அதனால் "எடை குறையலையே, இது வேலைக்கு ஆகாது" என்று அவர் ஒரு மாதத்தில் விட்டுவிடக்கூடாது. கம்பெனியில் குடிக்கும் ஐந்து டீயில் சர்க்கரையை நிறுத்துவதிலிருந்து தொடங்கட்டும்.

அந்தச் சூரணத்தை என்னிடம் காட்ட வேண்டும்: உங்கள் மாமியார்

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியது: ஒரு வருடத்துக்கு மேலாக, சந்தைக்கு வரும் ஒருவரிடம் வாங்கிய மூட்டுவலிச் சூரணம் சாப்பிடுகிறார். முதல் வாரத்திலேயே வலி போய்விட்டது. அதற்குப் பிறகு முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மட்டும் ஒல்லியாகிவிட்டது. லேசாக இடித்துக்கொண்டாலே தோல் நீலம் பாய்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். சர்க்கரையும் ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை.

சகோதரி, இது சாப்பாட்டால் வந்த பருமனாக எனக்குத் தோன்றவில்லை. இந்த மாதிரிப் பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்து விற்பதுண்டு. எல்லாச் சூரணமும் அப்படி என்று நான் சொல்லவில்லை, முறையாகச் சித்தமோ ஆயுர்வேதமோ படித்தவர் எழுதிக்கொடுத்து, லேபிளோடு வரும் மருந்து வேறு. பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலம், தொட்டவுடன் வலியை நிறுத்துகிறது, கூடவே முகம் உருள்கிறது என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். ஸ்டீராய்டு கொழுப்பை முகத்துக்கும் வயிற்றுக்கும் நகர்த்தும், சதையைக் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும், சர்க்கரையை ஏற்றும்.

இங்கேதான் கவனம் வேண்டும். பயந்துபோய் இன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, கடுமையான சோர்வு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளோடும் இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், வேலூரில் வேறு பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு எடுக்கும் கார்டிசால் (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) பரிசோதனையைப் பார்த்துவிட்டு, படிப்படியாகக் குறைக்க அவர்கள் வழி சொல்வார்கள். நடுவில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மாமியாரைக் குற்றம் சொல்லாதீர்கள். வலியில் இருந்தவருக்கு யாரோ ஒருவர் நிவாரணம் கொடுத்தார், அவர் வாங்கினார்.

சூரணம் சுத்தமானதாகவே இருந்தாலும் அவருக்கு நீங்கள் போட்ட ஒருவேளைச் சாப்பாட்டுத் திட்டம் ஆகாது. சர்க்கரைக்கு அவர் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்வை, நடுக்கம், குழறல், விழுந்து தொடை எலும்பு முறிவு வரை போகலாம். அறுபதைத் தாண்டியவர்களிடம் கொழுப்பு அதிகம், சதை குறைவு என்ற இரண்டும் சேர்ந்திருக்கும்போது வேகமாக எடை குறைத்தால் முதலில் கரைவது சதைதான். மெஷினில் எண் இறங்கும், ஆள் படுக்கையில் விழுவார்.

அவருக்கு இலக்கு சின்னதாக இருக்கட்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஆறு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தாலே அவர் வித்தியாசத்தை உணர்வார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதித்த பிறகு முட்டை, பயறு, காராமணி, தயிர், மீன் என்று புரதத்தைக் கூட்டுங்கள். ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகட்டும். முதலில் மூன்று முறை, அப்புறம் ஐந்து. இந்த வயதில் நடைப்பயிற்சியைவிட இதுதான் முக்கியம் என்பேன். 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். உங்கள் ஊருக்கு வரும் ஊழியரிடம் அவர் பெயரைப் பதியுங்கள்.

இப்போது நீங்கள்

உங்கள் பிஎம்ஐ 35. ரிப்போர்ட் அத்தனையும் நார்மல். உங்களைப்போல எடை அதிகமாக இருந்தும் சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் எல்லாம் சரியாக இருப்பவர்கள் உண்டு. உங்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணுக்கு வயிற்றில் ஏறுவதும் பெண்ணுக்கு இடுப்பில் ஏறுவதும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதினார். பந்தியில் உங்கள் இலையைப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும். அவமானப்படுத்தினால் யாருக்கும் எடை குறைவதில்லை. அவமானப்பட்டவர்கள் டாக்டரிடம் வருவதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். முற்றியபிறகு வந்து நிற்கும் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆனால் "அப்போ எனக்கு ஒன்றுமில்லை" என்று நீங்கள் முடிவுகட்டினால் அதுவும் தப்பு. பிரிட்டனில் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், இப்படி ரிப்போர்ட் சரியாக இருக்கும் பருமனானவர்களுக்கும், சரியான எடையுள்ள ஆரோக்கியமானவர்களைவிட இதயத் தமனி நோய் சுமார் 50 சதவீதம் அதிகமாகவே வந்தது. வருடம் போகப்போகப் பலருக்கு அந்த நார்மல் ரிப்போர்ட்டும் மாறிவிடும், முக்கியமாக மாதவிடாய் நிற்கும் வயதில் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு நகரும்போது.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்களைச் சாதாரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் எடையைவிட அவை முக்கியம்.

ஒன்று, "இளையவள் வயிற்றில் இருந்தபோது மட்டும் சர்க்கரை இருந்தது, பிரசவத்தோடு போய்விட்டது." போகவில்லை, ஒளிந்திருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்கு, வராத பெண்ணைவிடப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்தது ஏழு மடங்கு. ஏழு வருடத்தில் உங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. ஹெச்பிஏ1சி மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையை ஒருமுறை செய்யுங்கள். 140-க்குக் கீழே வந்தால் சரி, வருடத்துக்கு ஒருமுறை தொடர்ந்து பார்க்கலாம்.

இரண்டு, மாதவிடாய் ஐம்பது அறுபது நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பது. வேலை குறைந்தது என்று பல பெண்கள் இதை நிம்மதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பின் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உண்டாக்கும். மாதாமாதம் கழிய வேண்டிய கருப்பை உட்சுவர் கழியாமல் தடித்துக்கொண்டே போனால், வருடக்கணக்கில் அது கருப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடலாம். பருமனோடு மிக நெருங்கிய தொடர்புள்ள புற்றுநோய்களில் இது ஒன்று. மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன், தைராய்டு, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனைகள் செய்யுங்கள். தைராய்டு குறைபாடு இருந்தாலும் அதனால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், முழுப் பாரத்தையும் அதன் தலையில் போட முடியாது.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். இருபது கிலோ என்று எழுதி வைக்காதீர்கள், ஐந்து கிலோ என்று எழுதுங்கள். அது உங்கள் எடையில் 6 சதவீதம். 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 சதவீத எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. பல பெண்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. ஷூ தைக்க உட்காரும்போது பக்கத்தில் குடத்தை வைக்காமல் டம்ளரை வையுங்கள். தண்ணீருக்காகவாவது அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டிவரும். நம் பக்கத்து வெயிலுக்கு ஆறு மணிக்கு முன்னால் நடந்துவிட வேண்டும்.

பையன் கழுத்தைத் தேய்க்காதீர்கள்

பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது, எலுமிச்சையும் கடலைமாவும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அதிகமாகச் சுரப்பதால் தோல் தடித்துக் கறுப்பது. பிறந்தபோது 2.1 கிலோதான் இருந்தான், அதனால் ஊட்டி ஊட்டி வளர்த்தோம் என்கிறீர்கள். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

இதில் நம் ஊரே உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் அவர்கள் வளர்ந்து முப்பது வயதை நெருங்கும்வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். இதேபோல டெல்லியிலும் நடந்தது. குழந்தையாக மெலிந்திருந்து பிறகு வேகமாகப் பருமன் ஏறியவர்களைத்தான் சர்க்கரை முந்திக்கொண்டு பிடித்தது. எல்லோரையும்விட அதிக எடையோடு வளர்ந்த குழந்தைகளுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புதிய செய்தி.

அவனுக்குப் பட்டினியோ பவுடரோ வேண்டாம், ஊசியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். இன்னும் உயரம் ஏறும் வயது. எடை இதே இடத்தில் நின்றால்கூடப் போதும், உயரம் வந்து ஈடுகட்டும். குழந்தை மருத்துவரிடம் வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்த்து, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டில் பானமும் பாக்கெட் தீனியும் வீட்டுக்குள் வராமல் இருக்கட்டும், அவனுக்கு மட்டும் என்று சொல்லாமல் எல்லோருக்குமாக. தங்கைக்கு முன்னால் "குண்டா" என்று கூப்பிடுவதை இன்றோடு எல்லோரும் விட்டுவிட வேண்டும்.

ஊசி, பவுடர்

வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் உண்மையில் வேலை செய்கிற மருந்துகள்தான். எடை குறைப்புக்கென்றே இவை 2025-ல் இந்தியாவுக்கு வந்தன. பிஎம்ஐ 35 உள்ள நீங்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது தவறில்லை, அறுவை சிகிச்சையைப் பற்றியும் கேட்கலாம். நேரில் பரிசோதித்து, எழுதிக்கொடுத்து, கூடவே கண்காணிக்கும் ஒருவர் இல்லாமல் வேண்டாம், அவ்வளவுதான். குமட்டலும் மலச்சிக்கலும் சாதாரணம். பித்தக்கல், அரிதாகக் கணைய அழற்சி வரலாம். குடும்பத்தில் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்பி வருகிறது, அதனால் இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்தும் எண்ணத்தோடு தொடங்காதீர்கள். இன்னொன்று, எடை குறையும்போது கருமுட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பிக்கும், எதிர்பாராமல் கர்ப்பமாகலாம். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது, செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம்.

மாமியாரோடு பகிர்வது கூடவே கூடாது. ஊசி முனையை மாற்றினாலும் ஒரே பேனாவை இருவர் பயன்படுத்தினால் ரத்தத்தின் வழி தொற்று பரவும். அவருடைய மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும், மிச்சமிருக்கும் சதையும் போகும்.

ஆன்லைன் பவுடரைப் பொறுத்தவரை, உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பருமனும் இருக்கிறது. பணம் கட்டாமல் இருந்தால் கட்டாதீர்கள். அந்தக் காசுக்கு மாதம் முழுக்க வீட்டுக்கு முட்டையும் நிலக்கடலையும் கீரையும் வரும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் சாதம் பாதியாகி, கறியும் தயிர்ப் பச்சடியும் கூடட்டும். கேழ்வரகுக் களி நல்லதுதான், ஆனால் "களி சர்க்கரையை ஏற்றாது" என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் அதுவும் மாவுதான்.

வரிசை இதுதான்: இந்த வாரம் மாமியாரும் அவருடைய பொட்டலமும். இதே வாரம் கணவரிடம் பகல் தூக்கத்தைப் பற்றி ஒரு பேச்சு, பைக் சாவி உங்கள் கையில். இந்த மாதத்துக்குள் உங்கள் குளுக்கோஸ் பரிசோதனையும் மகப்பேறு மருத்துவரும். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் பையன். மாமியாரின் கார்டிசால் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கு முன்னால் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகைகூடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.